மலாக்கா பிரம்பும் லண்டன் கைத்தடியும்
சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் தாத்தாவின் மலாக்கா பிரம்புக் கைத்தடியைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு பியேர் வின்யி நினைவுதான். சுவிஸ்காரர். ஜப்பானில் இருந்துவிட்டு 1898இல் லண்டன் திரும்பிய பார்ட்டன்-ரைட் உருவாக்கிய பார்ட்டிட்சு தற்காப்புக் கலையில் கைத்தடிச் சண்டை வின்யியின் பங்கு.

வாளுக்குக் கைக்காப்பு உண்டு, கைத்தடிக்குக் கிடையாது, எதிரியின் அடி தடி வழியே வழுக்கி வந்து நேராக விரலில் விழும். சிலம்பம் பழகிய எனக்கு அந்த வலி நன்றாகவே தெரியும். அதனால் வின்யி கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, தடியின் நுனியைத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னார். அடி விரலை நெருங்காமல் கீழ்ப்பக்கமாகச் சறுக்கிவிடும். என்ன அருமையான யோசனை!

அந்த லண்டன்காரர்களும் மலாக்கா பிரம்பைத்தான் விரும்பினார்கள், நம் பக்கத்து ஊர்ப் பெயர்! சரி, இன்று மாலை அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே அந்தப் பிடியைப் பழகப்போகிறேன்.