ஆடு எங்கே படுக்கும்?

ஒவ்வொரு ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாட்டுக் கூட்டம் முடிந்து திரும்பும்போது கையில் ஒரு படிவம் இருக்கும். தாழ்வான பகுதி, குடும்பங்களின் எண்ணிக்கை, தங்கவைக்கும் இடம், கையிருப்பு மணல் மூட்டை, பொக்லைன்காரரின் கைப்பேசி எண். வேதாரண்யம் பக்கத்துக் கடலோர ஊராட்சி ஒன்றில் செயலராக இருந்த எனக்கு அதை நிரப்ப ஒரு மாலை போதும். முந்தைய ஆண்டின் நகலைப் பார்த்து எழுதிவிடுவேன். 2018 வரை திட்டம் என்றால் அதுதான் என்று நம்பியிருந்தேன்.

அந்த ஆண்டு நவம்பர் 15 மாலை. கஜா புயல் நள்ளிரவுக்கு மேல் கரையைக் கடக்கும் என்று அறிவிப்பு வந்துவிட்டது. உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016இலேயே முடிந்து, தேர்தல் நடக்காமல் இருந்த நேரம். எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார்கள், யார் பேச்சை யார் கேட்பார்கள் என்பதெல்லாம் வார்டு உறுப்பினர்களுக்குத்தான் அத்துப்படி. அவர்கள் இல்லாத குறையை அன்று போல் என்றும் நான் உணர்ந்ததில்லை. வி.ஏ.ஓ., தலையாரி, டேங்க் ஆபரேட்டர், நான் என்று நாலு பேர் வீடு வீடாக ஏறி இறங்கினோம்.

கடைசித் தெருவில் கூரை வீடு. ஏழு ஆடுகளோடு தனியாக இருக்கும் ஒரு பெரியம்மா.

"ஸ்கூலுக்கு வந்துருங்க பெரியம்மா. ராத்திரி காத்து பலமா இருக்கும்."

"நான் வந்துட்டா ஆடு எங்க தம்பி படுக்கும்?"

"முதல்ல நீங்க வாங்க. ஆட்டை அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்ப?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தோம். மண்சுவர் சரிந்து கால் முறிந்து கிடந்தார். ஆடுகளில் மூன்றுதான் மிஞ்சின. அவரைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தபோதுதான் சைக்கிள் ஷெட் கண்ணில் பட்டது. மூன்று பக்கம் செங்கல் சுவர், மேலே கான்கிரீட். இரவு முழுவதும் காலியாகக் கிடந்திருக்கிறது. இருபது ஆடு கட்டலாம். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் மனம் அடித்துக்கொள்கிறது.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓட வேண்டும். படிவத்தில் 'ஜெனரேட்டர் தேவைப்படும்போது வாடகைக்கு எடுக்கப்படும்' என்று நானே எழுதியிருந்தேன். சுற்றுவட்டாரத்தில் அத்தனை ஊருக்கும் ஒரே நாளில் தேவைப்பட்டால் யாரிடம் எடுப்பது? கைக்குழந்தையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்களுக்குத் தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை.

உள்ளாட்சிகள் தம் பணியாளர்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி தர வேண்டும், தளவாடங்களை எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டமே சொல்கிறது. மணல் மூட்டைகளை நாங்கள் ஆயத்தமாகத்தான் வைத்திருந்தோம். மனிதர்கள் ஏன் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள் என்று மட்டும் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை.

மறு ஆண்டு கோடையிலேயே ஒரு நோட்டு வாங்கினேன். அன்றைக்கு வராத வீடுகளுக்கு மட்டும் மறுபடி போனேன். வீட்டு எண், ஆள் கணக்கு, அதற்குப் பக்கத்தில் 'வராததற்குக் காரணம்'. ஒரு வீட்டில் படகு இன்ஜின், கடன் இன்னும் அடையவில்லை. ஒரு வீட்டில் வயதுக்கு வந்த இரண்டு பெண்கள். பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாளும் இல்லை, விளக்கும் இல்லை. 1952 புயலையே திண்ணையில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லும் தாத்தா ஒருவர். பிடிவாதம் என்று நான் நினைத்திருந்தது பெரும்பாலும் பிடிவாதமே இல்லை. வேலை செய்தால் தீரக்கூடிய காரணங்கள்.

தாழ்ப்பாளுக்கும் விளக்குக்கும் ஆன செலவு ஒரு டிராக்டர் மணலுக்கு ஆனதைவிடக் குறைவு. இன்ஜின்களைப் பூட்டி வைக்க நூலகக் கட்டடத்தை ஒதுக்கினோம். புயலுக்கு முந்தைய மாலை தொட்டியை நிரப்பி வால்வை மூடுவது ஆபரேட்டரின் வேலை என்று எழுதிவைத்தோம். ஜெனரேட்டருக்குக் கடலோரம் அல்லாத வெளி மாவட்டத்துக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைத்தோம். 2019 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு வந்த தலைவர் அந்த நோட்டை வாங்கி முழுவதும் படித்தார். வார்டு உறுப்பினர்களைக் கூட்டி, அவரவர் தெருவின் பக்கங்களைப் படியெடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

2020 நவம்பரில் நிவர் புயல் வந்தது. கடைசியில் அது புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. ஆனாலும் எங்கள் பக்கமும் எச்சரிக்கை இருந்தது. கொரோனா காலம் என்பதால் வகுப்பறைக்கு இத்தனை பேர்தான் என்று இடைவெளி விட்டுப் பாய் விரித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் கூப்பிடப் போவதற்கு முன்பே, மதியம், பெரியம்மா ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்தார். முன்னால் ஆடுகள், இடுப்பில் அகத்தித் தழைக் கட்டு.

"எந்தத் தூணுல கட்டட்டும் தம்பி?" என்றார்.

நோட்டில் எழுதிய வீடுகளில் ஒன்று மட்டும் அன்றும் வரவில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை ஊரார் பார்க்கக் கழுவித் துடைக்க மகனுக்குக் கூச்சம். ஒரு வகுப்பறையை அவர்களுக்கு மட்டும் விட்டுத் திரை கட்டினோம். அப்படியும் வரவில்லை. அன்று இரவு தலைவரும் நானும் அந்த வீட்டுத் திண்ணையில்தான் படுத்திருந்தோம்.