ஷேக்கர் வீச்சமும் நூறு ரூபாய் பாட்டிலும்

ஜிம் பையில் மூன்று நாள் மறந்து கிடந்த, புரோட்டீன் பவுடர் கலக்கும் ஷேக்கரைத் திறந்து பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். அந்த வீச்சத்துக்குப் பயந்துதான் போன மாதம் ரெடிமேட் புரோட்டீன் ஷேக்குக்கு மாறினேன். கலக்க வேண்டாம், கழுவ வேண்டாம். அதிகச் சூட்டில் பதப்படுத்தி அடைப்பதால் திறக்கும்வரை ஃபிரிட்ஜும் வேண்டாம்.

சுகமாகத்தான் இருந்தது, கணக்குப் பார்க்கும்வரை. பாட்டிலில் 20 கிராம் புரதம், 100 ரூபாய். வீட்டில் இருக்கும் வே (பாலிலிருந்து எடுக்கும் புரதம்) பவுடர் டப்பா ஒரு கிலோ, 2,400 ரூபாய். 33 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம். முப்பது ஸ்கூப் வரும். அதாவது வேளைக்கு 80 ரூபாய், புரதமும் கூடுதல். பாட்டிலின் இனிப்பு வேறு ஒரு மணி நேரம் நாக்கை விட்டுப் போகாது.

சரி, மறுபடி பவுடர்தான். முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர். மாற்றிப் போட்டால் அடியில் களி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை மழை நாளில் கொதிக்கும் பாலில் கலந்து பார்த்தேன். சூட்டில் வே புரதம் திரண்டு, டம்ளரில் முட்டைப் பொரியல்! கீழே கொட்ட மனமில்லாமல் ஸ்பூனால் சாப்பிட்டேன்.

ஷேக்கரை இப்போது ஜிம் குழாயிலேயே அலசிவிடுகிறேன். ரயில் பயணத்துக்கு மட்டும் பாட்டில்.