இரத்தப் பெட்டியோடு மாங்குளம் வழியே

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்கு மோட்டார் சைக்கிளில் இரத்தம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்றால் ஆட்கள் எங்களை ரேஸ்காரர் மாதிரித்தான் பார்க்கிறார்கள். ஓட்டம் கடைசி வேலை. சேர விரும்பும் தம்பிமார் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் இரத்தம் கேட்டு எழுதும் கடிதம். வைத்தியரின் கையொப்பம் இல்லாமல் இரத்த வங்கியில் ஒரு பையும் வெளியே வராது. எங்களுக்கு அனுமதி கிடைக்கவே மாதக்கணக்கில் இழுபட்டது. "அம்புலன்ஸ் இருக்குத்தானே தம்பி" என்றார் ஒரு அதிகாரி. இருக்கிற அம்புலன்ஸ் நோயாளியோடு யாழ்ப்பாணம் போய்விட்டால்? 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வருகிற இலவச அம்புலன்ஸும் ஆளை ஏற்றத்தான் வரும், பையை ஏற்ற வராது. இதைச் சொல்லிச் சொல்லியே வாய் உளைந்துபோனது.

போகும்போதும் பெட்டி வெறுமையாக இராது. நோயாளியின் இரத்த மாதிரிக் குழாய் அதில் இருக்கும். அதை வைத்துப் பொருத்தம் பார்க்க முக்கால் மணித்தியாலமாவது செல்லும். அவசரப்படுத்தினால் நடக்கிற காரியம் இல்லை. வாங்கில் இருந்து தேத்தண்ணி குடியுங்கள்.

பெட்டி கட்டுவதுதான் முக்கியம். ஐஸ் பாக்கை வெளியே எடுத்து, மேற்பரப்பு வியர்க்கும்வரை வைக்க வேண்டும். அப்புறம் கீழே ஐஸ், அதன்மேல் காட்போட் மட்டை, மட்டையின் மேல்தான் பை. ஐஸ் நேரே பட்டால் செங்குழியங்கள் உடைந்துவிடும். பிறகு அது நோயாளிக்கு ஆகாது. சூடு 10 பாகையைத் தாண்டவும் கூடாது. பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கிற சிறுதட்டுகள்) என்றால் கதையே வேறு: 20 முதல் 24 பாகை, ஐஸ் பக்கமே போகக் கூடாது. பை இலக்கம், இரத்த வகை, காலாவதித் திகதி மூன்றையும் இரத்த வங்கியில் தருபவர் வாசிக்க நாங்கள் திருப்பி வாசிப்போம். இதில் வெட்கம் பார்க்காதீர்கள்.

சரி, ரோட்டு. வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணியால் போகலாம்தான். பொழுதுபட்டால் யானை. நாங்கள் மாங்குளம் வரை ஏ-9 பெருவீதியில் போய் ஒட்டுசுட்டான் பக்கம் திரும்புவோம். அங்கேயும் இரவில் தார் ரோட்டின் சூட்டுக்கு மாடுகள் படுத்திருக்கும். கறுப்பு மாடு லைட்டுக்குத் தெரியவே தெரியாது. வேகமாக ஓடி மிச்சம் பிடிக்கிற பத்து நிமிசத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. பொலிஸ் மறித்தால் கடிதத்தைக் காட்டுங்கள், பெட்டியைத் திறக்காதீர்கள்.

வாட்டில் ஒப்படைக்கும்போது நேரம் எழுதித் தாதி மிஸ்ஸிடம் கையொப்பம் வாங்குங்கள். பெட்டியைக் கழுவிக் காயவைத்துத்தான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பெற்றோல் அவரவர் காசு.