கேட்டிருக்கக் கூடாது

"நீ பண்ணுப்பா. யாரோ பண்றதுக்கு நீ பண்றது நல்லதுதான். ஆனா இதை நீ என்கிட்ட கேட்டிருக்கக் கூடாது."

எனக்கு நடிப்பு சொல்லிக்கொடுத்த சார் போனில் சொன்னது இவ்வளவுதான். அதற்கு முன்னால் ஒரே ஒரு "அப்படியா". அப்புறம் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். பல வருஷம் ஆகிவிட்டது. அவர் இப்போது உயிரோடு இல்லை. எனக்கு அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

நடந்தது இதுதான். ஒரு படத்தில் கதாநாயகியின் அப்பா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் வேடம். சாரை வைத்துச் சில காட்சிகள் எடுத்திருந்தார்கள். சரியாக வரவில்லை, ஆளை மாற்றலாம் என்று முடிவானதும் அசோசியேட் டைரக்டர் ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல வர முடியுமா சார்?" இந்தத் தொழிலில் விடிந்தால் ஷூட்டிங் என்று அழைப்பு வந்தால், நமக்கு முன்னால் அங்கே யாரோ இருந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். யார் பண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு சாரின் பெயரைச் சொன்னார். அரை மணி நேரத்தில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, சாருக்குப் போன் போட்டேன்.

ஏன் போட்டேன் என்பதற்கு என்னிடம் பதில் உண்டு. அப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

சபா நாடகக் குழுக்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் பகலில் ஆபீஸ் போனவர்கள். நாகேஷ் ரயில்வேயில் இருந்தார். பாலசந்தர் அரசாங்கக் கணக்குகளைப் பார்க்கும் ஏ.ஜி. ஆபீஸில் இருந்தார். பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தார். டெல்லி கணேஷ் விமானப் படையில் 1964 முதல் 10 வருஷம் வேலை பார்த்துவிட்டு நடிக்க வந்தவர். எங்கள் குழுவும் அப்படிப்பட்டதுதான். திடீரென்று ஒருவருக்கு வெளியூர் மாற்றல் வரும், இன்னொருவருக்கு வருஷக் கடைசி கணக்கு முடிக்கிற வேலை வரும். அன்றைக்கென்று வாணி மகாலிலோ ரசிக ரஞ்சனி சபாவிலோ நாடகம் இருக்கும். சபா உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், நாடகத்தைத் தள்ளிப்போட முடியாது. மாற்று ஆள் போட்டே ஆக வேண்டும். எனக்குக் கிடைத்த முதல் வேடமே அப்படி மாற்றலாகிப் போகவிருந்த ஒருவருடையது. சார் என்னை ஒத்திகைக்கு விடுவதற்கு முன்னால் அவருடைய வீட்டுக்கு அனுப்பினார். "போய் அவனைக் கேட்டுட்டு வா. அது அவன் ரோல்."

போனேன். அந்த மனிதர் காபி கொடுத்தார். இரண்டாவது காட்சியில் ஒரு இடத்தைச் சொல்லி, அங்கே ஜனங்கள் சிரிப்பார்கள், அது அடங்குகிறவரைக்கும் அடுத்த வசனத்தை எடுக்காதே என்றார். அவர் சொன்ன இடத்தில் அப்படியே சிரித்தார்கள். மேடையில் ஒரு வேடத்தை வாங்கிக்கொள்வது என்றால் இதுதான் என்று அன்றைக்கு மனதில் பதிந்தது.

மேடையில் வேடமும் ஆளும் ஒட்டிக்கொள்வார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று போட்ட வேஷத்தைப் பெயருக்கு முன்னால் சேர்த்தே அந்தக் காலத்தில் நடிகர்களை அறிந்தார்கள். 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தில் நடித்த சுந்தரராஜன் கடைசிவரை மேஜர் சுந்தரராஜன்தான். அண்ணா எழுதிய நாடகத்தில் சத்ரபதி சிவாஜி வேடம் முதலில் எம்.ஜி.ஆருக்குத்தான் பேசப்பட்டிருந்தது. அவர் விலகிக்கொண்ட பிறகு அது வி.சி. கணேசனுக்கு வந்தது. நாடகம் பார்த்த பெரியார் வைத்த பெயரில்தான் இன்றைக்கும் அவரைச் சொல்கிறோம். ஒருவர் விட்ட வேடம் இன்னொருவருடைய பெயரையே மாற்றிவிடுகிறது. அப்படிப்பட்ட பொருளை எடுத்துக்கொள்ளும்போது, வைத்திருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பது சம்பிரதாயத்துக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இப்போதும் நினைக்கவில்லை.

ஆனால் சாருக்கு அந்த முடிவை யாரும் சொல்லியிருக்கவில்லை. அது எனக்கு மறுநாள் செட்டில்தான் தெரிந்தது. "பெரியவர்கிட்ட ஷெட்யூல் தள்ளிப்போகுதுன்னு சொல்லியிருக்கோம் சார், மேனேஜர் பக்குவமா பேசிடுவார்" என்று அசோசியேட் சொன்னார். அப்படியென்றால் அவரை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியைக் கொண்டுபோனது என் போன்தான். மேனேஜர் சொல்லியிருந்தால் அது ஒரு கம்பெனியின் முடிவு. அவருடைய சிஷ்யன் வாயிலிருந்து, அதுவும் நான் பண்ணட்டுமா என்ற கேள்வியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்த "அப்படியா"வை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். முன்பே தெரிந்தவர் சொல்லும் "அப்படியா" உண்டு. அது கீழே இறங்கி முடியும். முதல் தடவையாகக் கேட்கிறவர் சொல்வது கடைசியில் கொஞ்சம் நிற்கும். நடிகனுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும். அவர் சொன்னது எந்த வகை என்று எனக்குப் பிடிபடவில்லை. செட்டில் தன்னைப் பற்றிக் கிசுகிசுத்ததை வைத்து அவரே ஊகித்திருக்கலாம். அல்லது, எனக்கு எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று அந்த ஒரு சொல்லை நடித்துக் கொடுத்திருக்கலாம். அவரால் அது முடியும்.

அவரை ஏன் படத்திலிருந்து எடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கம்பெனிக்காரர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் ஆக்கிவிடுவேன். அந்தப் படம் லைவ் சவுண்ட், நடிக்கும்போது பேசுவதே படத்தில் பதிவாகும். நம் படங்களில் பேசுகிற குரலை ஷூட்டிங் முடிந்து டப்பிங்கில் எடுப்பதுதான் வழக்கம். அதனால் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு உதவி இயக்குநர் நின்று ஒவ்வொரு வரியாகச் சத்தமாக ப்ராம்ப்ட் செய்வார், நடிகர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார். படத்தில் பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. 2004-ல் 'விருமாண்டி' போலச் சில படங்கள் லைவ் சவுண்டில் வந்தன. அதில் ப்ராம்ப்டிங் கிடையாது. அந்தக் குரலும் படத்தில் பதிவாகிவிடும்.

சார் வாழ்நாள் முழுக்க ப்ராம்ப்டிங்கை வெறுத்தவர். உதவி இயக்குநர் பக்கத்தில் வந்து நின்றால், "பேப்பரைக் கொடுத்துட்டுப் போங்க தம்பி" என்பார். ஒரு தடவை படித்துவிட்டு ஒரே டேக்கில் முடிப்பார். எழுபதைத் தாண்டிய பிறகு நினைவு நழுவ ஆரம்பித்தது. மற்றப் படங்களில் ப்ராம்ப்டிங் அவரைக் காப்பாற்றியது. அவரும் எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார். தன் மேடைப் பழக்கத்துக்கு முழு மரியாதை கொடுக்கிற மாதிரியான ஒரு படம் கடைசியில் வந்தபோது, அந்தப் படத்தில்தான் அவரால் நிற்க முடியவில்லை. டேக் மேல் டேக் போனதாம். கூட நடித்தவர்கள் எல்லோரும் பொறுமையாக இருந்தார்களாம். அந்தப் பொறுமை அவரை என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

திரையில் நாம் பார்க்கும் கிழவர்களில் பலர் கிழவர்களே இல்லை. வி.கே. ராமசாமி 1947-ல் 'நாம் இருவர்' படத்தில் வயதான வேடத்தில் வந்தபோது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. நாடகத்தில் செய்த அதே வேடம். அப்பா, மாமனார், ஜட்ஜ், தலைமை ஆசிரியர் என்று நாற்பது வயதிலேயே தலையில் வெள்ளை அடித்துக்கொண்டு நடிக்கத் தொடங்குகிறோம். நிஜமாகவே அந்த வயது வரும்போது, காலை ஒன்பதிலிருந்து லைட்டுக்கு அடியில் நிற்க உடம்பு இடம் கொடுப்பதில்லை. வேடம் அடுத்த ஐம்பது வயதுக்காரனுக்குப் போகிறது. அன்றைக்கு அந்த ஐம்பது வயதுக்காரன் நான். இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. நான் மறுத்திருந்தால் வளசரவாக்கத்திலிருந்தோ சாலிக்கிராமத்திலிருந்தோ இன்னொருவர் காலை ஏழு மணிக்குள் போய் மேக்கப்புக்கு உட்கார்ந்திருப்பார். சாருக்கு அந்த வேடம் திரும்பி வந்திருக்காது.

சரி, அப்படியென்றால் கேட்டதாவது தப்பா?

இங்கேதான் எனக்கு மாறி மாறித் தோன்றுகிறது. சபாவில் ஒருவரிடம் போய்க் கேட்டால், அவரால் "முடியாது, நான் லீவு போட்டுட்டு வரேன்" என்று சொல்ல முடியும். சொல்லியும் இருக்கிறார்கள், ராத்திரி ரயிலைப் பிடித்து வந்து நடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சினிமாவில் சாரால் என்னிடம் முடியாது என்று சொல்லியிருக்க முடியுமா? வாய்ப் பேச்சில் பேசி, கொஞ்சம் அட்வான்ஸ் வாங்கி, நாள் சம்பளத்துக்குப் போகிறவர்கள் நாங்கள். படம் திரைக்கு வருகிறவரை எங்கள் வேடம் எங்களுடையது இல்லை. அவரிடம் இல்லாத ஒன்றை அவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் கொடுக்கிற மாதிரி நடிக்க வேண்டியதாகிவிட்டது. என் மனம் நிம்மதியாக இருக்க அவர் எனக்கு ஆசீர்வாதம் செய்ய வேண்டியிருந்தது. அவர் சொன்னதற்கு இதுதான் அர்த்தம் என்றால், அவர் சொன்னது சரி.

ஆனால் கேட்காமல் போய் நடித்து, படத்தைத் தியேட்டரில் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? "ஒரு வார்த்தை சொல்லலையேப்பா" என்றுதான் சொல்லியிருப்பார். அந்தக் குரலும் எனக்குக் கேட்கிறது.

போய் நடித்தேன். காஸ்ட்யூமர் சாருக்குத் தைத்த சட்டையைத் தோளில் பிரித்து எனக்கு அளவாக்கிக் கொடுத்தார். சார் நடித்த காட்சிகளை மானிட்டரில் பார்க்கிறீர்களா, சில ஷாட்டுக்குத் தொடர்ச்சி தேவைப்படுகிறது என்றார்கள். வேண்டாம், நான் என் வழியில் செய்கிறேன் என்றேன். மகள் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லும் காட்சி. வசனம் பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையால் துடைத்து, போட்டுக்கொள்ளாமலே பேசினேன். கட் சொன்னதும் அசோசியேட் வந்து மெதுவாகச் சொன்னார், "பெரியவரும் இதேதான் சார் பண்ணார்."

அதை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று அப்புறம்தான் யோசித்தேன். எங்கள் நாடகத்தில் சார் செய்வது அது. மகன் வேடத்தில் எதிரில் நின்று வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். முகத்தைத் தெளிவாகப் பார்க்க முடியாத நிலையில் பேசினால் குரலில் ஒரு பலவீனம் வரும் என்று விளக்கியும் இருக்கிறார். வேடத்தை வாங்கிக்கொண்டதற்கு ஒரு போனாவது போட்டேன். இதற்கு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை, அது என்னுடையது என்றே நினைத்திருந்தேன். ஒருவரிடம் நடிப்பு கற்றுக்கொண்டால் அவருடையது நம்முடையதாக எப்போது மாறுகிறது? போன் விஷயத்தைவிட இதுதான் பெரியது என்று சில நாள் தோன்றும். வேறு சில நாள், இதுதானே ஒரு ஆசிரியர் விரும்புவது என்று தோன்றும்.

ஒப்புக்கொள்வதற்கு முன்னால் ஒரு நிபந்தனை வைத்தேன். சார் நடித்த நாட்களுக்கு முழுச் சம்பளம் போய்ச் சேர வேண்டும் என்றேன். மேனேஜர் சரி என்றார். போய்ச் சேர்ந்ததா என்று இதுவரை தெரியாது. சாரிடம் கேட்டால் அந்தப் பேச்சை மறுபடியும் எடுக்க வேண்டும். அதனால் கேட்கவில்லை.

படம் வந்த பிறகு ஒரு நாள் நாரத கான சபாவில் நாடகம் பார்க்க வந்திருந்தார். இடைவேளையில் பக்கத்தில் வந்து, "படம் பார்த்தேன்பா. நல்லா இருந்தது. அந்தக் கல்யாண சீன்ல மட்டும் கண்ணாடியைக் கழட்டினதும் அவசரப்பட்டுட்டே. கொஞ்சம் காத்திருக்கணும்" என்றார். ஒத்திகையில் சொல்வது போலத்தான் சொன்னார். ஒரு மனஸ்தாபமும் முகத்தில் இல்லை. தன் கையால் செய்து, வராமல் போன காட்சியை, அது எப்படி இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் திருத்திக் கொடுத்தார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஒத்திகைக்கு அவர் வருவது குறைந்துபோனது. வயது காரணமாகவும் இருக்கலாம்.

சில வருஷம் கழித்து என்னையும் ஒரு படத்திலிருந்து எடுத்தார்கள். எனக்குப் பதிலாக வந்தவர் நெருங்கிய நண்பர், கூடவே மேடை ஏறியவர். போன் வரவில்லை. கேட்டிருக்கக் கூடாது என்ற வார்த்தையை அவ்வளவு நாள் சுமந்த நான், அவர் கேட்கவில்லையே என்று பல நாள் தூங்காமல் இருந்தேன். அவரை எதிரில் பார்த்தபோது பேசினேன், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவர் என்னைப் போன்ற ஒருவரிடம் ஒரு தடவை கேட்டு, ஒரு பதில் வாங்கி, அதனால்தான் எனக்குப் போடவில்லையோ என்னவோ.

இப்போது மாற்று ஆளாக அழைப்பு வந்தால் நானாக யாருக்கும் போன் போடுவதில்லை. முன்னால் இருந்தவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா, சம்பளத்தைக் கொடுத்துவிட்டீர்களா என்று மேனேஜரிடம் மட்டும் கேட்கிறேன். "எல்லாம் பேசியாச்சு சார்" என்கிறார்கள். சாரிடமும் பேசுவதாகத்தான் சொன்னார்கள். யார் அந்த நடிகர் என்று சில தடவை கேட்கிறேன். சில தடவை, தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்று கேட்காமலே கால்ஷீட் கொடுத்துவிடுகிறேன்.