ஒன்று மட்டும் போட்டால் போதுமா?

ஆஸ்திரேலியாவில் ஒரு வாக்குச்சாவடி மேசையில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாக்களிக்க வந்த ஆன்ட்டி முதலில் கேட்டது சாதாரணக் கேள்விதான். “ஒன்று மட்டும் போட்டால் போதுமா?” ஃபெடரல் கீழவைத் தேர்தலில் எல்லா வேட்பாளரின் கட்டத்திலும் விருப்ப வரிசைப்படி எண் போட வேண்டும், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் வேண்டியதில்லை. பலருக்கும் வரும் குழப்பம் அது. “போதும், விரும்பினால் இரண்டு, மூன்று என்று மற்றவர்களுக்கும் போடலாம்” என்றேன்.

அப்புறம் கேட்டார்: “இதில் யாருக்குப் போட்டால் ஆற்றில் தண்ணீர் வரும்?”

2019 மார்ச் 23, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தல் நாள், பார்வன் தொகுதி. இரண்டு மாதம் முன்புதான் தொகுதியில் உள்ள மெனிண்டி ஊரில் டார்லிங் ஆற்று மீன்கள் லட்சக்கணக்கில் செத்து மிதந்தன. வறட்சியா, மேலே பருத்திக்கு எடுத்த தண்ணீரா என்று ஊரே வாதாடிக்கொண்டிருந்தது. “அதை நான் சொல்லக் கூடாது, ஆன்ட்டி” என்றேன். சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

வேறென்ன சொல்ல முடியும்? வாக்குச்சாவடி மேசையில் இருப்பவன் வாய் திறந்தால் தேர்தலே கெட்டுவிடும். இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

அன்று இரவு எண்ணும்போது ஒன்று மட்டும் போட்ட சீட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்று போட்ட வேட்பாளர் கடைசி இருவரில் இல்லையென்றால் அந்தச் சீட்டு வேறு யாருக்கும் போகாமல் அதோடு நின்றுவிடும். ஆன்ட்டியுடையதும் அதில் இருந்ததோ என்னவோ. 1950 முதல் நேஷனல்ஸ் கட்சி கையிலிருந்த தொகுதி, ஷூட்டர்ஸ், ஃபிஷர்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ் கட்சியின் ராய் பட்லரிடம் போனது. தண்ணீர்க் கோபம் சும்மா போகவில்லை. ஆனால் 93 பேர் சபையில் அவர் ஒருவர். 2023 தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு மெனிண்டியில் மறுபடி மீன்கள் செத்தன. அந்த முறை ஆற்றில் தண்ணீர் இருந்தது, தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. ஆன்ட்டியின் கேள்விக்கு எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் பொய்யாகியிருக்கும்.

இப்படிச் சொல்லி மனதை ஆற்றிக்கொள்கிறேன், ஆறவில்லை. பார்வன்–டார்லிங் ஆற்றில் யார் எப்போது எவ்வளவு எடுக்கலாம் என்ற பங்கீட்டுத் திட்டம் மாநில அரசு போட்டது. ஆன்ட்டி கேட்டது சரியான தேர்தலில், சரியான கேள்வி. யாருக்குப் போடுவது என்று சொல்லக் கூடாது, சரி. தண்ணீர்ப் பங்கீட்டு விதி இந்த மாநிலத்தில்தான் எழுதப்படுகிறது என்றாவது சொல்லியிருக்கலாமா? அது தகவலா, பிரசாரமா? பிறகு வாக்குச்சாவடிப் பொறுப்பாளரிடம் கேட்டேன். சீட்டை நிரப்பும் முறையோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். நியாயம்தான். ஆனால் அன்று வரிசையில் நின்ற பலர், சீட்டை எப்படி நிரப்புவது என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் அல்ல.