ஆற்றங்கரைச் சொற்கிழத்தியும் ஒரு தாம்பாளம் நெல்லும்

விஜயதசமியன்று கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் பேரப்பிள்ளையை முதல் எழுத்துக்கு அழைத்துப் போகும் அப்பாயியின் பையில் தேங்காய், பழம், பூவெல்லாம் ஓரமாகத்தான் இருக்கும். பையின் கனம் நெல்லால் வருவது. கடையில் வாங்கிய பச்சரிசியைப் பரப்பி எழுத வைத்தாலும் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வயல் வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணுக்கு மனசு ஒப்பாது. தன் கொல்லையில் விளைந்ததில்தான் தன் வீட்டுப் பிள்ளை முதல் எழுத்தைப் போட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விஜயதசமி வருவது புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ. அப்போது கைக்கு வருவது குறுகிய காலப் பயிரான குறுவை நெல். மிஷின் அறுத்துக் கொட்டிய நெல்லில் ஈரம் இருபது சதவீதத்துக்கு மேல் நிற்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்து எடுத்துப் போனால் புழுங்கின வாடை வரும்; பிள்ளை விரலில் ஒட்டும். நல்ல வெயிலில் இரண்டு நாள் மெல்லிசாகப் பரப்பி, மணிக்கு ஒரு தடவை காலால் துழாவிவிட வேண்டும். கடித்தால் ‘டக்’கென்று உடைந்தால் சரி. அதற்குப் பிறகு முறத்தில் புடைப்பதுதான் முக்கியமான வேலை. பதரும் தூசும் போகாத நெல்லில் சுணை இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை அதில் விரலை வைத்துத் தேய்த்தால் அரிப்பெடுத்து அழும். பிள்ளை பயந்து அழுகிறது என்று சுற்றி நிற்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பல அழுகைக்குக் காரணம் சுணைதான்.

திருவாரூர் மாவட்டம் பூந்தோட்டத்தை ஒட்டியிருக்கிறது கூத்தனூர். மயிலாடுதுறை–திருவாரூர் சாலையில் பஸ்ஸில் வந்தாலும், அதே பாதையில் ரயிலில் வந்தாலும் பூந்தோட்டத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் கோயில். வேகமான ரயில்கள் எல்லாம் இங்கே நிற்பதில்லை. பாசஞ்சர் வண்டியைப் பார்த்து ஏற வேண்டும். சரஸ்வதிக்கென்று தனிக்கோயில் தமிழ்நாட்டில் அபூர்வம். இங்கே அம்பாள் வெண்தாமரையில் வெள்ளை உடுத்தி அமர்ந்திருக்கிறாள். ஒரு கையில் சின்முத்திரை, ஒரு கையில் சுவடி. விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்று மூன்று சோழர்களின் அவையில் இருந்த ஒட்டக்கூத்தருக்குத் தானமாக வந்த ஊர் என்பதால் கூத்தனூர் என்பார்கள். பக்கத்தில் ஓடுவது அரசலாறு. தக்கயாகப்பரணியில் கூத்தர் இந்த அம்பாளை ‘ஆற்றங்கரைச் சொற்கிழத்தி’ என்று வாழ்த்துகிறார். கிழத்தி என்றால் உரிமைக்காரி. மனைக்கு உரியவளை மனைக்கிழத்தி என்போம். சொல்லுக்கு உரியவள் சொற்கிழத்தி. களத்துமேட்டிலும் அடுப்படியிலும் ஆயுசைக் கழித்த பெண் இந்தச் சந்நிதியில் உரிமையோடு நிற்பதற்கு இந்த ஒரு சொல் போதும்.

டெல்டாவில் இந்தப் பயணம் ஒன்றல்ல, இரண்டு. மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்கும். பத்தாம் நாள் விஜயதசமி. இந்தப் பத்துச் சொச்சம் நாளுக்குள் போன தலைமுறைக்கு எள்ளும் தண்ணீரும் கொடுத்து, வரும் தலைமுறைக்கு எழுத்தும் கொடுத்துவிட வேண்டும். ஒருபக்கம் குறுவை அறுப்பு, மறுபக்கம் சம்பா நடவு. நடவாளுக்குச் சோறு பொங்கி அனுப்பிவிட்டுத்தான் அப்பாயி பஸ் ஏறுவாள்.

எள்ளுக்குரிய இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. கூத்தனூரிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். திலதர்ப்பணபுரி என்பது பழைய பெயர், ஊர்க்காரர் வாயில் செதலபதி. திலம் என்றால் எள். சம்பந்தர் பாடிய தலம், சுவாமி முக்தீஸ்வரர். இராமர் தசரதருக்குத் தர்ப்பணம் செய்தது இங்கேதான் என்பது தலபுராணம். யானைமுகம் இல்லாமல் மனித முகத்தோடு இருக்கும் ஆதிவிநாயகர் சந்நிதியும் இங்கே உண்டு. இது நித்திய அமாவாசைத் தலம். எந்த நாளிலும் தர்ப்பணம் செய்யலாம். முழங்கால் வலியுள்ள அப்பாயியை மகாளய அமாவாசைக் கூட்டத்தில் நிறுத்தி வாட்ட வேண்டியதில்லை, பட்சத்தில் ஒரு சாதாரண நாளில் போனால் நிதானமாக முடியும். தர்ப்பணம் செய்கிறவன் மகன். ஆனால் மூன்று தலைமுறைப் பெயரும் அவள் வாயில்தான் இருக்கும். “உங்க அப்பாவைப் பெத்தவரு பேரு என்னடா?” என்று கேட்டால் மகன் விழிப்பான், மாமனார் வழி, மாமியார் வழி இரண்டையும் அவள் தடங்கலில்லாமல் சொல்வாள். கிளம்புமுன் அந்தப் பெயர்களை அவளிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அவளுக்குப் பிறகு கேட்க ஆள் இருக்காது.

சரஸ்வதி பூஜையன்று முதல் பூஜை வீட்டில்தான். கருக்கரிவாள், மண்வெட்டி, மரக்கால், முறம் இவற்றோடு பிள்ளைகளின் பாடப்புத்தகமும் ஒரே மணையில் ஏறும். அரிவாளைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிய பிறகே பொட்டு வைக்க வேண்டும். ஈரத்தில் வைத்த குங்குமத்தடியில் ஒரே ராத்திரியில் துரு பிடித்துவிடும். கருக்கு மழுங்கினால் அடுத்த அறுப்புக்கு ஆகாது. சந்தனத்தைப் புத்தக அட்டை மேல் நேராக வைத்தால் எண்ணெய்க் கறை போல ஊறும், ஒரு காகித உறை போட்டு அதன் மேல் வைக்கலாம். பொரியும் வெல்லமும் புத்தகத்தைத் தொடாமல் வாழையிலையில் தனியே இருக்கட்டும். இல்லாவிட்டால் காலையில் புத்தகத்துக்குள் எறும்பு.

அன்று கூத்தனூரில் பாத தரிசனம். அம்பாளின் திருப்பாதம் கருவறைக்கு வெளியே வரை நீண்டிருக்கும்படி அமைப்பார்கள். பக்தர்கள் தங்கள் கையாலேயே பூப்போட்டு வணங்கலாம். உதிரிப் பூவாக எடுத்துப் போனால் நல்லது, கட்டிய சரத்தை அந்த நெரிசலில் பிரித்துக்கொண்டு நிற்க முடியாது.

மறுநாள் விஜயதசமிதான் எழுத்துக்குரிய நாள். விடிவதற்கு முன்பே வரிசை நீளும். பெரியவர்கள் விரதம் இருக்கலாம். பிள்ளைக்கு இரண்டு இட்டிலி கொடுத்துவிட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும். கஞ்சி முடமுடக்கும் புதுச்சட்டையை விட ஒருமுறை துவைத்தது மேல். அதே விஜயதசமியில் திருமீயச்சூர் லலிதாம்பிகை கோயிலில் அம்பாளின் உருவம் நெய்யில் தெரியும் நெய்க்குள தரிசனம் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கத் துடிப்பவர்கள் உண்டு. சின்னப் பிள்ளையோடு வேண்டாம்.

ஒன்றேகால் அடித் தாம்பாளத்துக்கு ஒரு கிலோ நெல் கணக்கு. ஒரு விரல் கனத்துக்குப் பரவும். அதற்குக் குறைந்தால் விரல் தட்டில் வழுக்கும், கூடினால் எழுதிய கோடு சரிந்து மூடிக்கொள்ளும். நெல்மணி பெரிது, எனவே எழுத்தும் ஒரு சாண் அளவுக்குப் பெரிதாக இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். பிள்ளையை மடியில் முன்பார்க்க உட்காரவைத்து, அதன் வலது ஆள்காட்டி விரலைப் பின்னாலிருந்து பிடித்து முதலில் ஓம், பிறகு அ. திண்ணைப் பள்ளிக் காலத்தில் ‘அரிநமோத்து சிந்தம்’ என்று தொடங்கினார்கள். இன்றும் சில வீடுகளில் சொல்கிறார்கள். விரலை நெல்லுக்குள் அழுத்தக் கூடாது, நுனி குத்தும். மேலாக இழுத்தால் போதும். நாற்றின் வேரை இரண்டு விரலால் சேற்றில் ஊன்றிப் பழகிய கைக்கு எவ்வளவு அழுத்தம் என்பது சொல்லாமலே தெரியும். அதனால்தான் விரல் பிடிக்கும் வேலையை அப்பாயியிடம் விட்டுவிடச் சொல்கிறோம். அப்பாவோ அம்மாவோ பிடித்தால் போட்டோவுக்கு நேரே திருப்பி, எழுத்து கோணிவிடுகிறது.

அந்தக் கை பள்ளிக்கூடப் பலகையைத் தொடாததாக இருக்கலாம். 1990-களில் அறிவொளி இயக்கம் வந்தபோது நாற்பது ஐம்பது வயதில் கையெழுத்துப் போடக் கற்ற விவசாயப் பெண்கள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். அதற்கு முன்பும் அவர்களுக்குக் கணக்கு தெரியும். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்கி, பன்னிரண்டு மரக்காலுக்கு ஒரு கலம் என்று பிசகாமல் மனசில் ஏற்றியவர்கள். பாட்டும் அப்படித்தான், கேட்டுக் கேட்டே பாடம். குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலை பத்துப் பாட்டையும் பேத்தி புத்தகம் பார்த்துப் படிக்க, பார்க்காமலே பிழை திருத்தும் அப்பாயிகளைச் சந்நிதியில் காணலாம். அவசரப்பட்டு நகர்த்தாமல் பத்துப் பாட்டையும் முடிக்கவிடுங்கள்.

எழுதிய நெல்லைக் கோயிலிலேயே கொட்டிவிட்டு வருவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கொஞ்சத்தைக் குத்திப் பாயசம் வைப்பார்கள். மீதியை சம்பா விதையோடு கலந்துவிடக் கூடாது. குறுவை ரகம் நூற்றுச் சொச்சம் நாளில் முற்றிவிடும். நடுவயலில் அது மட்டும் முன்னால் பழுத்து உதிரும். ஈரம் 13 சதவீதத்துக்குள் இறங்கக் காயவைத்து, துணியில் முடிந்து, வேப்பிலை போட்டுத் தனியே கட்டிவைக்க வேண்டும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்ததும் அந்த முடிச்சு நாற்றங்காலுக்குப் போகும். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதும் அந்த மாதம்தான்.