ஈரம் பட்டால் திக்கிய பைக்: ப்ளக் வயரும் கேப்பும் மாற்றினேன்

மூன்று வாரமாக இழுத்தடித்த மிஸ்ஸிங் (இன்ஜின் விட்டுவிட்டு எரிவது) நேற்று ராத்திரி தீர்ந்தது. என்னுடையது பழைய இரட்டை சிலிண்டர் பைக், சிலிண்டருக்கு ஒரு காயில் (ப்ளக்கில் பொறி வர உயர் வோல்ட் தரும் சுருள்). காற்றில் ஈரம் இருக்கும் நாளில் மட்டும் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் திக்கும், வெயில் ஏறினால் சரியாகிவிடும். ஈரத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும். கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவிய பிறகுதான் ப்ளக் பக்கம் வந்தேன்.

ஈரமான ஒரு காலையில் ஸ்டார்ட் செய்து, சற்று நேரத்தில் இரண்டு சைலன்சர் பைப்பின் மேலும் தண்ணீர் சொட்டினேன். இடதில் சுர்ரென்று ஆவியானது, வலதில் அப்படியே வழிந்தது. அதாவது வலது சிலிண்டர் சரியாக எரியவில்லை, பைப் சூடாகவில்லை. அன்று இருட்டியதும் விளக்கை அணைத்து, வண்டியை ஓடவிட்டு, வலது வயரில் ஸ்ப்ரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் அடித்தேன். கேப்புக்கு (ப்ளக்கின் தலையில் மாட்டும் மூடி) கொஞ்சம் மேலே வயரிலிருந்து இன்ஜினின் குளிர்விக்கும் ஃபின்னுக்கு நீலப் பொறி தாவியது! பார்த்ததும் அவ்வளவு நிம்மதி. பல ஆயிரம் வோல்ட் ஓடும் இடம் அது, கை பக்கத்திலேயே போகக்கூடாது. புகை வெளியேற கதவும் திறந்திருக்க வேண்டும்.

இன்ஜினை நிறுத்தி, இரண்டு கேப்பையும் திருகிக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன். உள்ளே 5 கிலோ ஓம் மின்தடை உள்ள கேப் இவை. இடது 5.1 காட்டியது. வலது 11 காட்டி, ஆட்டினால் 18 வரை ஏறி இறங்கியது. வயர் நுனியில் செம்பு பச்சை பிடித்திருந்தது. மற்ற இடம் நன்றாக இருந்தால் நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டினாலே போதும். என் வயரில் உறையே வெடித்திருந்ததால் முழுவதும் மாற்றினேன்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: திருகும் வகை கேப்புக்குச் செம்புக் கம்பி வயர்தான் வேண்டும். கார்பன் கோர் (நடுவில் செம்புக்குப் பதில் கார்பன் உள்ள) வயரில் கேப்பின் திருகு பிடிக்காது. 7 மில்லிமீட்டர் வயரை நேராக வெட்டி, திருகு கம்பிகளின் நடுவே இறங்கும்படி கேப்பை முறுக்கினேன். லேசாக இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. காயில் பக்கம் நட்டும் ரப்பர் வளையமும்தான், சுலபம். ஒன்று போனால் இன்னொன்றுக்கும் வயசாகியிருக்கும் என்று இடது பக்கத்தையும் மாற்றிவிட்டேன்.

பொறி வருகிறதா என்று பார்க்க, ப்ளக்கின் உடல் இன்ஜினைத் தொடும்படி வைத்துத்தான் கிக் அடித்தேன். எர்த் இல்லாமல் அடித்தால் மின்சாரத்துக்குப் போக வழியில்லாமல் காயிலின் உள் காப்பு ஓட்டையாகலாம்.

இருட்டில் மறுபடி தண்ணீர் அடித்தேன், பொறி எங்கும் தாவவில்லை. இன்று மழையிலேயே ஓட்டிவந்தேன், ஒருமுறைகூடத் திக்கவில்லை. இடது காயிலின் ரப்பர் வளையம் மட்டும் இறுகிக் கல்லாகியிருக்கிறது, புதியது தேட வேண்டும்.